உறுப்பு மாற்றியவர்களின் தோல் புற்றுக்குத் தடுப்பு மாத்திரை: எது, யாருக்கு, எப்போது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கிட்னி மாற்றிப் பதினைந்து ஆண்டு ஆன ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெள்ளைத் தோல், வயது அறுபதை ஒட்டி. கிட்னி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நெற்றி, காது மடல், புறங்கை என்று மாறி மாறிச் சின்னச் சின்னப் புற்றுக்கட்டிகள் முளைக்கின்றன. ஒன்றை வெட்டி எடுத்துத் தையல் பிரிப்பதற்குள் இன்னொன்று தலைகாட்டுகிறது. அவர் டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்விதான்: "தினமும் இத்தனை மாத்திரை விழுங்குகிறேனே, இது வராமல் தடுக்க ஒரு மாத்திரை கிடையாதா?"

உண்டு. நிக்கோட்டினமைட், அசிட்ரெட்டின், சிரோலிமஸ், கடைசிக் கையிருப்பாகக் கேப்சைட்டபின். அதிகம் பேசப்படுவது முதலாவது; ஆனால் உறுப்பு மாற்றியவர்களிடம் அதற்கு ஆதாரம் மெலிவு. இரண்டாவதற்கு ஆதாரம் உண்டு, அதோடு காலம் தள்ளுவதுதான் கஷ்டம். மூன்றாவது, கூடுதலாகச் சேர்க்கும் மாத்திரையே அல்ல, ஏற்கெனவே எடுப்பதை மாற்றிக்கொள்வது. அதன் பலன் தெளிவாகத் தெரிவது, நோயாளியோ டாக்டரோ இன்னும் பெரிதாகக் கவலைப்படத் தொடங்காத கட்டத்தில். ஆகவே எந்த மாத்திரை என்று கேட்பதற்கு முன்னால், எத்தனையாவது கட்டி என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இவர்களுக்கு மட்டும் இவ்வளவு?

மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரித்துவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். வெயிலில் கெட்டுப்போன தோல் செல்களைத் தேடிப்பிடித்து அழிப்பதும் அதே எதிர்ப்புச் சக்தியின் வேலைதான். காவல் தளர்ந்தால் கெட்ட செல் தப்பிக்கிறது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள நாடுகளின் கணக்குப்படி, உறுப்பு மாற்றியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்று என்ற தோல் புற்று வகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 65 முதல் 100 மடங்கு. பேசல் செல் புற்று என்ற இன்னொரு வகை சுமார் 10 மடங்கு. பொதுமக்களிடம் அதிகம் காணப்படுவது பேசல் செல் வகை. இவர்களிடம் அது தலைகீழாகி ஸ்குவாமஸ் முந்திக்கொள்கிறது. கவலைக்குரியதும் அதுதான், ஏனென்றால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது அந்த வகை.

மருந்து மட்டுமே காரணமல்ல, வெயிலும் சேர்ந்தால்தான் கணக்கு இப்படி ஏறுகிறது. நெதர்லாந்தில் கிட்னி மாற்றியவர்களில் 10 ஆண்டில் 10 சதவீதம் பேருக்கும், 20 ஆண்டில் 40 சதவீதம் பேருக்கும் தோல் புற்று வந்ததாக 1990இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. குயின்ஸ்லாந்தில் 1996இல் பார்த்தபோது 11 ஆண்டிலேயே 45 சதவீதம், 20 ஆண்டில் 70 சதவீதம்.

புதிய மாத்திரை பற்றிப் பேசும் முன் பழைய மாத்திரை டப்பாவை ஒருமுறை கொட்டிப் பார்க்கச் சொல்வேன். அதில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதையோபிரின் இருந்தால், அது வெயிலின் யுவிஏ கதிர்களுக்குத் தோலைக் கூடுதலாகப் பலியாக்குகிறது. அதே வேலை செய்யும் மைக்கோஃபீனோலேட்டுக்கு மாற முடியுமா என்று கேட்கலாம். நுரையீரல் மாற்றியவர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்காக மாதக்கணக்கில் வோரிகோனசோல் கொடுப்பதுண்டு. அதுவும் தோலை வெயிலுக்குக் காட்டிக்கொடுக்கும் மருந்து, மாற்றுப் பூஞ்சை மருந்துகள் இருக்கின்றன. இப்படி ஒன்றை நிறுத்துவதிலேயே பாதி வேலை முடிகிற நோயாளிகளும் உண்டு. ஆனால் எதையும் தானாக நிறுத்தக் கூடாது. உறுப்பே போய்விடும்.

நிக்கோட்டினமைட்: நல்ல பெயர், பலவீனமான சாட்சி

இது வைட்டமின் பி3யின் ஒரு வடிவம். முகத்துக்குத் தடவும் சீரங்களில் நியாசினமைட் என்று எழுதியிருக்கிறதே, அதே பொருள்தான். (சீரம் பூசினால் புற்று வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இங்கே பேச்சு விழுங்கும் மாத்திரையைப் பற்றி.) நியாசின் என்று விற்கும் நிக்கோட்டினிக் அமிலம் வேறு. அதை எடுத்தால் முகம் சிவந்து எரியும், இதில் அது கிடையாது. கடையில் வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

வெயில் பட்ட செல், கெட்டுப்போன டிஎன்ஏவைச் சரிசெய்ய நிறைய ஆற்றல் செலவழிக்கிறது. புற ஊதாக் கதிர் அந்த ஆற்றல் உற்பத்தியையே முடக்குகிறது. நிக்கோட்டினமைட் அதை மீட்டுக்கொடுக்கிறது, வெயிலால் தோலின் எதிர்ப்புச் சக்தி மங்குவதையும் குறைக்கிறது. 2015இல் சிட்னி குழுவினர் வெளியிட்ட ஒன்ட்ராக் ஆய்வில், ஏற்கெனவே குறைந்தது இரண்டு தோல் புற்று வந்த 386 பேருக்கு 500 மில்லிகிராம் மாத்திரையை அல்லது மருந்தே இல்லாத போலி மாத்திரையை தினமும் இரண்டு வேளை ஓராண்டு கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் புதிய கட்டிகள் 23 சதவீதம் குறைந்தன. ஸ்குவாமஸ் வகை மட்டும் 30 சதவீதம். நிறுத்தியதும் பலன் போய்விட்டது. விலை மலிவு, பக்கவிளைவு சொற்பம். உலகம் முழுக்கத் தோல் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கத் தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த 386 பேரும் எதிர்ப்புச் சக்தி இயல்பாக உள்ளவர்கள். உறுப்பு மாற்றியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்ட ஆஸ்திரேலிய ஆய்வு 2023இல் வந்தது. 158 பேர், அதே அளவு மருந்து, அதே ஓராண்டு. முடிவில் மருந்து எடுத்தவர்களிடம் 207 புதிய கட்டிகள், போலி மாத்திரை எடுத்தவர்களிடம் 210. வித்தியாசமே இல்லை. திட்டமிட்ட அளவுக்கு ஆட்கள் சேராததால் அந்த ஆய்வை முன்கூட்டியே முடிக்க வேண்டியிருந்தது; ஆகவே சிறிய பலன் ஏதாவது இருந்து கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்று வாதாட இடமுண்டு. பெரிய பலன் எதுவும் தப்பியிருக்காது. வெயில் மங்கச் செய்த எதிர்ப்புச் சக்தியை மீட்கலாம், உறுப்பைக் காக்க எடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து அடக்கி வைத்திருப்பதை ஒரு வைட்டமின் எப்படி மீட்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

2025இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு வந்தது. நிக்கோட்டினமைட் எடுத்தவர்களிடம் தோல் புற்று மொத்தத்தில் 14 சதவீதம் குறைவு. முதல் புற்று வந்தவுடனேயே தொடங்கியவர்களிடம் 54 சதவீதம் குறைவு. அதே பதிவுகளில் உறுப்பு மாற்றியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், மொத்தத்தில் சொல்லிக்கொள்ளும்படி பலன் தெரியவில்லை; சீக்கிரம் தொடங்கியவர்களிடம் ஸ்குவாமஸ் குறைந்ததற்கான அறிகுறி மட்டும் இருந்தது. பதிவுகளை அலசும் ஆய்வு என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுக்க முடியாது. இருந்தாலும் இங்கேயும் 'சீக்கிரம்' என்ற விஷயம் தலைகாட்டுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவரை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் "வைட்டமின் எடுக்கிறேனே, போதாதா" என்று யாராவது மற்ற வழிகளைத் தள்ளிப்போட்டால், அப்போது இந்த மாத்திரை கெடுதல் செய்கிறது என்பேன்.

அசிட்ரெட்டின்: வேலை செய்கிறது, ஆனால்

வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு இது. சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் பழகிய பெயர். 1995இல் நெதர்லாந்தில் 44 கிட்னி மாற்று நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு சின்னதுதான், ஆனால் முடிவு தெளிவு. தினம் 30 மில்லிகிராம், ஆறு மாதம். கணக்கில் எடுக்க முடிந்தவர்களில், மருந்து எடுத்த 19 பேரில் 2 பேருக்குத்தான் புதிய ஸ்குவாமஸ் கட்டி வந்தது. போலி மாத்திரை எடுத்த 19 பேரில் 9 பேருக்கு, மொத்தம் 18 கட்டிகள். தோலில் சொரசொரவென்று படரும் ஆக்டினிக் கெரடோசிஸ் திட்டுகளும் குறைந்தன. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி உறுப்பு நிராகரிப்பைக் கிளப்பிவிடுமோ என்ற பயம் ஆரம்பத்தில் இருந்தது. ஆய்வுகளில் அப்படி நடக்கவில்லை.

பிறகு என்ன தயக்கம்? உதடு. முதல் வாரங்களிலேயே உதடு காய்ந்து வெடிக்கும், கண் உலரும், தோல் உரியும், சிலருக்கு முடி கொட்டும். ஆஸ்திரேலியாவில் 23 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில் பக்கவிளைவு தாங்காமல் 9 பேர் விலகிவிட்டார்கள். மருந்து வேலை செய்யாமல் போகவில்லை, மனிதர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எனவே இப்போது தினம் 10 மில்லிகிராமில் தொடங்கி, தாங்கும் அளவுக்கு மெல்ல ஏற்றுவதுதான் வழக்கம். ட்ரைகிளிசரைடும் கொழுப்பும் ஏறும், ஈரல் அளவுகள் கூடலாம். அதனால் தொடக்கத்தில் அடிக்கடியும், அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை. கிட்னியோ ஈரலோ மிகவும் பழுதாகியிருந்தால் இந்த மருந்தே கூடாது.

கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு இது ஏறக்குறைய மூடிய கதவு. கருவை ஊனமாக்கும். நிறுத்தின பிறகும் 3 ஆண்டு கருத்தரிக்கக் கூடாது. மது குடித்தால் உடம்புக்குள் இது எட்ரெட்டினேட் என்ற பழைய மருந்தாக மாறி, கொழுப்பில் தங்கி, ஆண்டுக்கணக்கில் வெளியேறாது. கிட்னி மாற்றியபின் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் இளம்பெண்ணிடம் இந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னும் பெரிதாகப்படுவது வேறு ஒன்று. எடுக்கும்வரைதான் காப்பு. நிறுத்தினால் கட்டிகள் திரும்புகின்றன. சிலருக்குச் சேர்த்து வைத்தாற்போல் ஒரே சமயத்தில் நிறைய. இரண்டு மாதம் எடுத்துப் பார்க்கலாம் என்று தொடங்குகிற மருந்தல்ல இது. ஆண்டுக்கணக்கில் தொடர மனதைத் தயார் செய்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு கட்டி வருபவருக்கு அந்த விலை அதிகம். மாதா மாதம் அறுவை அறைக்குப் போய்வருபவருக்கு வெடித்த உதடு ஒரு பொருட்டாக இருக்காது.

சிரோலிமஸுக்கு மாறுவது

ஈஸ்டர் தீவு என்று உலகம் அழைக்கும் ராப்பா நூயி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த மருந்து இது. ராப்பாமைசின் என்ற பழைய பெயரே அந்தத் தீவிலிருந்து வந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும், அதே சமயம் செல் வளர்ச்சிக்கும் புதிய ரத்தக் குழாய் முளைப்பதற்கும் கடிவாளம் போடும். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் வகை மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறினால், உறுப்புக்குக் காவலும் தொடரும், புற்றுக்குத் தடையும் விழும். இரண்டு வேலைக்கு ஒரே மாத்திரை என்பதுதான் இதன் கவர்ச்சி.

2012இல் பிரெஞ்சுக் குழு நடத்திய டூமராப்பா ஆய்வில், ஒருமுறையாவது ஸ்குவாமஸ் வந்த 120 கிட்னி மாற்று நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டில், சிரோலிமஸுக்கு மாறியவர்களில் 22 சதவீதம் பேருக்குப் புதிய ஸ்குவாமஸ் கட்டி. மாறாதவர்களில் 39 சதவீதம். அடுத்த கட்டி வரும் காலமும் 7 மாதத்திலிருந்து 15 மாதமாகத் தள்ளிப்போனது. இதில் நான் அடிக்கோடு போடுவது, முன்பு ஒரே ஒரு கட்டி வந்திருந்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது என்பதை. பல கட்டிகள் வந்து முடிந்தவர்களிடம் அது மங்கிப்போனது. தோல் முழுக்கக் கெட்ட செல்கள் விதைத்தாகிவிட்ட பிறகு மருந்தை மாற்றி அவ்வளவாகப் பயனில்லை போலும்.

நடைமுறையில் நடப்பதோ நேர்மாறு. முதல் கட்டி வந்தால் வெட்டி எடுத்துவிட்டு, தொப்பி போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். பத்தாவது கட்டி வரும்போதுதான் தோல் டாக்டர் உறுப்பு மாற்றுக் குழுவுக்குக் கடிதம் எழுதுகிறார். அவர்கள் தயங்குவதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நன்றாக ஓடும் கிட்னியின் மருந்தைக் கையால் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? அதே டூமராப்பாவில் சிரோலிமஸ் எடுத்தவர்களிடம் கடுமையான பக்கவிளைவுகள் 60, மற்றவர்களிடம் 14. நான்கில் ஒருவர் அளவுக்கு மருந்தையே நிறுத்த வேண்டிவந்தது. வாய்ப்புண், கால் வீக்கம், சிறுநீரில் புரதம், கொழுப்பு ஏற்றம், நுரையீரல் அழற்சி, ஆறாத காயம். புண் ஆறத் தாமதமாகும் என்பதால், அறுவை செய்த கையோடு இதைத் தொடங்கக் கூடாது. திடீரென்று மாற்றாமல் மெதுவாக மாற்றியவர்களிடம் தொல்லை குறைவாக இருந்தது.

இதையெல்லாம்விட நெருடுவது 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. 21 ஆய்வுகள், 5,876 கிட்னி மாற்று நோயாளிகள். சிரோலிமஸ் எடுத்தவர்களிடம் தோல் புற்று 56 சதவீதம் குறைவு. ஆனால் இறப்பு 43 சதவீதம் அதிகம். புற்றைத் தடுத்து ஆளை இழப்பதில் என்ன லாபம்? ஆகவே இது எல்லோருக்கும் எழுதும் சீட்டு அல்ல. கிட்னி நன்றாக வடிகட்ட வேண்டும், சிறுநீரில் புரதம் போகக் கூடாது, இதய நோயும் அடிக்கடி வரும் தொற்றும் இருக்கக் கூடாது. இந்தச் சல்லடையில் தேறுபவர்களுக்கு, முதல் ஸ்குவாமஸ் வந்தவுடனேயே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது என் நிலை. முடிவு மாறாமலே இருக்கட்டும் என்றாலும் சரி, பேச்சு நடந்திருக்க வேண்டும்.

மற்றவை

கேப்சைட்டபின், குடல் மற்றும் மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் கீமோதெரபி மாத்திரை. உடம்புக்குள் போய் 5-ஃப்ளூரோயூரசிலாக மாறுகிறது. குறைந்த அளவில் கொடுத்தபோது கட்டிகள் குறைந்ததாகச் சில மருத்துவமனைகள் கைப்பிடி நோயாளிகளை வைத்துச் சொல்லியிருக்கின்றன, அவ்வளவுதான். உள்ளங்கை, பாதம் எரிந்து உரியும். டிபிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்து, முன்கூட்டிப் பரிசோதிக்காமல் தொடக் கூடாது. வேறு எதுவும் பலிக்காத நிலைக்கான மருந்து.

அதே 5-ஃப்ளூரோயூரசில் களிம்பாகவும் கிடைக்கிறது, அதன் சாட்சி பலமானது. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 932 பேரிடம் 2018இல் வெளியான ஆய்வில், முகத்திலும் காதிலும் 5 சதவீதக் களிம்பைச் சில வாரம் பூசியதில், அறுவை தேவைப்படும் ஸ்குவாமஸ் முதல் ஓராண்டில் 75 சதவீதம் குறைந்தது. அவர்கள் உறுப்பு மாற்றியவர்கள் அல்ல என்பதை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். சன்ஸ்கிரீனுக்கு இவர்களிடமே ஆய்வு உண்டு. பெர்லினில் உறுப்பு மாற்றிய 120 பேரில் பாதிப் பேருக்கு சன்ஸ்கிரீனை இலவசமாகக் கொடுத்து தினமும் பூசவைத்தார்கள். இரண்டு ஆண்டில் அவர்களிடம் ஊடுருவும் ஸ்குவாமஸ் ஒன்றுகூட இல்லை. மற்ற பாதியில் 8. எந்த மாத்திரையும் இந்தக் கணக்கை எட்டவில்லை. ஆட்களைக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம்.

அப்படியானால் யாருக்கு எது?

2021இல் 13 நாடுகளின் தோல் டாக்டர்கள் கூடிப் பரிந்துரை வகுத்தார்கள். ஆண்டுக்குப் பத்துக் கட்டி அளவுக்கு வேகமாக வருபவர்களுக்கும், பரவும் ஆபத்து அதிகமுள்ள கட்டி வந்தவர்களுக்கும் அசிட்ரெட்டின் தொடங்கலாம், எதிர்ப்புச் சக்தி மருந்தைக் குறைப்பது அல்லது மாற்றுவது பற்றிப் பேசலாம் என்பதில் ஒத்துப்போனார்கள். நிக்கோட்டினமைட்டிலும் கேப்சைட்டபினிலும் ஒருமித்த கருத்து வரவில்லை. ஆபத்துக் குறைவான முதல் கட்டி வந்தவருக்கு என்ன செய்வது என்பதிலும் ஒத்துவரவில்லை. நிபுணர்களுக்கே உடன்பாடு இல்லாத அந்த இடத்தில்தான் நான் டூமராப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரோலிமஸ் பக்கம் சாய்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன குயின்ஸ்லாந்துக்காரருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அவருக்குக் களிம்பு, சன்ஸ்கிரீன், 10 மில்லிகிராம் அசிட்ரெட்டின் என்று தொடங்குவதுதான் பொருத்தம். சிரோலிமஸ் பேச்சையும் விட்டுவிட வேண்டாம், ஆனால் அதுவும் அசிட்ரெட்டினும் சேர்ந்தால் கொழுப்பு இன்னும் ஏறும். அதற்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் கொடுத்தால், டப்பாவில் சைக்ளோஸ்போரின் இருக்கும்வரை அவை இரண்டும் மோதிக்கொள்ளும். மருந்துப் பட்டியலை முழுதாகப் பார்த்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய இடம் இது. தோல் டாக்டர் தனியாக முடிவெடுக்க முடியாது, கிட்னி டாக்டரும் முடியாது.

நம்மவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும்? மாநிறமும் கருப்புமான தோலில் நிறமியே பெரிய பாதுகாப்பு. மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் வெள்ளைத் தோலை அளந்து வந்தவை. சென்னையில் கிட்னி மாற்றிக்கொண்ட ஒருவர் இதைப் படித்துவிட்டு அசிட்ரெட்டின் கேட்டுப் போக வேண்டாம். ஆனால் ஆபத்து பூஜ்யமும் அல்ல, வரும் இடம் வேறாக இருக்கலாம். அமெரிக்காவில் உறுப்பு மாற்றிய கருப்பினத்தவரிடம் வந்த ஸ்குவாமஸ் பெரும்பாலும் வெயில் படாத இடங்களில், குறிப்பாகப் பிறப்புறுப்பைச் சுற்றி இருந்தது. பலவற்றில் மருவை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் தடம் இருந்தது. ஆசியர்களிடம் வெயில் படும் இடங்களில். எனவே உறுப்பு மாற்றிய தமிழர் எந்த ஊரில் இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை உடம்பு முழுக்கத் தோல் பரிசோதனை செய்துகொள்ளலாம். உதடு, நகக்கண், உள்ளங்கால், இடுப்புக்குக் கீழே எல்லாம் சேர்த்துத்தான். பல வாரமாகியும் ஆறாத புண்ணையும் அந்தரங்கத்தில் வந்த மருவையும் கூச்சப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.